புது ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போடும் முன்

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் புது டிஸ்க் மாட்டி விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருந்தது. ஆறு மாதம் நன்றாக ஓடியது. பழையது கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியதும் அதைக் கழற்றினேன். அத்தோடு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. விண்டோஸ் என்னவோ புது டிஸ்க்கில்தான் இருந்தது. ஆனால் அதை எழுப்பிவிடும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) பழைய டிஸ்க்கில் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்ததால் விண்டோஸ் செட்டப் அதையே எடுத்துக்கொண்டுவிட்டது.

அதனால் பவரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மற்ற எல்லா டிஸ்க்குகளின் கேபிளையும் முதலில் கழற்றிவிடுங்கள். கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வகை என்றால் திருகைக் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். தப்பான டிஸ்க்கை அழித்துவிடும் ஆபத்தும் இதோடு பெருமளவு போய்விடும்.

புது டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வசதி இருந்தால், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ (டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். புது டிஸ்க்கில் அது பூஜ்யமோ ஓரிரு மணி நேரமோதான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது ஏற்கெனவே ஓடிய டிஸ்க், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை. டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிய வேண்டும், பூட் முறை (கம்ப்யூட்டர் எழும் முறை) புதிய வகையான யுஇஎஃப்ஐ ஆக இருக்க வேண்டும். யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் போட டிஸ்க் ஜிபிடி அமைப்பில் (பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் புதிய முறை) இருந்தாக வேண்டும். பழைய எம்பிஆர் அமைப்பு சுமார் 2 டிபிக்கு மேல் பார்க்காது, 4 பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் ஏற்காது. இன்று அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இனி விண்டோஸ் செட்டப் உள்ள இன்ஸ்டால் பெண்டிரைவில் பூட் செய்யுங்கள். முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைகளைத் தட்டும் கறுப்பு ஜன்னல் திறக்கும். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்க்க வேண்டும். ‘டிஸ்க்பார்ட்’ (diskpart) என்று தட்டி எண்டர், அடுத்து ‘லிஸ்ட் டிஸ்க்’ (list disk). இங்கே அவசரமே கூடாது. பட்டியலில் பெண்டிரைவும் வரும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பவர்கள் 1000-ஆல் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. இடம் எதுவும் குறையவில்லை.

உங்கள் டிஸ்க்கின் எண் 0 என்றால் ‘செலக்ட் டிஸ்க் 0’ (select disk 0). பிறகு ‘கிளீன்’ (clean). இது ‘நிச்சயமா?’ என்று கேட்காது, உடனே அழித்துவிடும். அதற்கு முன் ‘லிஸ்ட் டிஸ்க்’கை இன்னொரு தடவை கொடுத்து, நட்சத்திரக் குறி எந்த வரியின் முன்னால் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வேன். கடைசியாக ‘கன்வர்ட் ஜிபிடி’ (convert gpt). இப்போது மறுபடி ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தால், பட்டியலின் ஜிபிடி பத்தியிலும் ஒரு நட்சத்திரம் வந்திருக்கும்.

ஜன்னலை மூடிவிட்டுச் செட்டப்பைத் தொடருங்கள். எங்கே போடுவது என்று கேட்கும் இடத்தில், ஒதுக்கப்படாத இடத்தைத் தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் போதும். இஎஃப்ஐ உட்படத் தேவையான சின்னப் பார்ட்டிஷன்களை விண்டோஸே போட்டுக்கொள்ளும். சி, டி என்று பிரிப்பது உங்கள் விருப்பம், நான் பிரிப்பதில்லை.

இன்ஸ்டால் முடிந்ததும் பெண்டிரைவை உருவிவிட்டு, புது டிஸ்க் மட்டும் தனியாக டெஸ்க்டாப் வரை வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வந்தால், பவரை அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கின் கேபிளை மாட்டலாம்.