இரண்டாம் சரணம் வரை கேளுங்கள்

ஒரு படத்தின் பாடல் தொகுப்பை விமர்சிக்கும்போது "பாடல்கள் கேட்கும்படியாக உள்ளன" என்று ஒருவர் எழுதினால், அவர் பாடல்களைக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன். அந்த வாக்கியம் எந்தத் தொகுப்புக்கும் பொருந்தும். உங்கள் விமர்சனத்தில் இந்த ஒரு தொகுப்புக்கு மட்டுமே பொருந்துகிற வாக்கியங்கள் இருக்க வேண்டும்.

முதல் முறை எதையும் குறித்துக்கொள்ளாமல் கேளுங்கள். காணொளியைத் திறக்க வேண்டாம். நாயகனின் நடனம் சுமாரான தாளத்தையும் தூக்கி நிறுத்திவிடும். அடுத்த முறை ஹெட்ஃபோனும் காகிதமுமாக உட்காருங்கள். பல்லவி (திரும்பத் திரும்ப வரும் தொடக்க வரிகள்) எங்கே முடிகிறது, அதன் பின் வரும் இடையிசையில் எந்த வாத்தியம் நுழைகிறது, இரண்டாம் சரணத்தில் (பல்லவிக்குப் பின் வரும் இரண்டாவது பகுதியில்) ஏதாவது மாறுகிறதா என்று எழுதி வையுங்கள்.

என் தீர்ப்பு பெரும்பாலும் அந்த இரண்டாம் சரணத்தில்தான் உருவாகும். பல்லவிக்கு எல்லோரும் உழைக்கிறார்கள். துண்டு துண்டாகச் சுற்றப்போவது அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் சரணத்தை அப்படியே திருப்பி ஒட்டியிருந்தால், சரக்கு தீர்ந்துபோனது அங்கே தெரிந்துவிடும். இளையராஜாவின் பாடல்களில் இரண்டு இடையிசைகளும் பெரும்பாலும் வெவ்வேறாக இருப்பதைக் கவனியுங்கள். 'தளபதி'யில் (1991) 'ராக்கம்மா கையத் தட்டு' துள்ளிக்கொண்டு போகும்போது, நடுவில் 'குனித்த புருவமும்' என்ற அப்பர் தேவாரம் வருகிறது. கொண்டாட்டம் பக்தியாகத் திரும்பும் அந்த இடத்தைத் தொடாமல் அந்தப் பாடலைப் பற்றி எழுதிப் பயனில்லை.

ராகத்தின் பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 'கவிக்குயில்' (1977) படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 'முதல்வன்' (1999) படத்தின் 'அழகான ராட்சசியே', 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தின் 'கண்கள் இரண்டால்' ஆகிய மூன்றும் ரீதிகௌளை ராகம்தான். இளையராஜா, ரஹ்மான், ஜேம்ஸ் வசந்தன் மூவரும் அதை மூன்று திசைகளுக்குக் கொண்டுபோனார்கள். தாளத்தாலா, வாத்தியங்களாலா, பாடும் முறையாலா? அதை எழுதுங்கள். ராகம் தெரியவில்லையென்றால் விட்டுவிடலாம், குறையில்லை. ஊகித்து எழுதினால், விவரம் தெரிந்த வாசகர் மற்றப் பத்திகளையும் நம்பமாட்டார்.

வரிகளை மெட்டில்லாமல் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு மெட்டோடு கேளுங்கள். 'கனவு' என்பது 'கனவூ' என்று இழுபடுகிறதா? பாடகர் எழுத்துகளை விழுங்குகிறாரா? நம் ஊரில் பெரும்பாலும் மெட்டு முந்திக்கொள்கிறது, சொற்கள் அதற்குள் இடம் தேடுகின்றன. அதனால் இந்தச் சறுக்கல் பாடலாசிரியர் ஒருவருடையது மட்டுமல்ல. வேற்றுமொழியிலிருந்து வந்த தொகுப்பு என்றால் மூலத்தையும் கேட்பது கட்டாயம். 'உயிரே' (1998) பாடல்களின் வரிகள் வைரமுத்துவுடையவை. அதே மெட்டுகளுக்கு இந்தியில் எழுதியவர் குல்சார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டு எந்த மொழியில் இயல்பாக மூச்சுவிடுகிறது என்று காதே சொல்லிவிடும்.

படமில்லாமல் தனியாக வரும் பாப் ஆல்பத்துக்கு அளவுகோல் வேறு. படத்தொகுப்பில் குத்துப்பாட்டுக்கு அடுத்துத் தாலாட்டு வந்தால், கதை கேட்டது என்று விட்டுவிடலாம். அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' (1995), ரஹ்மானின் 'வந்தே மாதரம்' (1997) போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தப் பாடல் முதலில், எது கடைசியில் என்பதும் விமர்சனத்துக்கு உரியதே. ஆகவே வரிசையைக் கலைக்காமல் கேளுங்கள்.

பாடியவர், எழுதியவர் பெயர்களை ஒவ்வொரு பாடலுக்கும் சரிபாருங்கள். வாத்தியம் வாசித்தவர்களின் பெயர் கிடைத்தால் அதையும் சேருங்கள். அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நட்சத்திரம் போடுவது எனக்குப் பிடிக்காது. போட்டே ஆக வேண்டுமென்றால், முழுவதும் எழுதி முடித்த பிறகு போடுங்கள். முன்பே போட்டுவிட்டால் எழுத்து அந்த மதிப்பெண்ணுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

படம் வெளிவந்த பிறகு, காட்சியோடு கேட்டதில் ஒரு பாடல் மேலும் பிடித்துப்போகலாம். அப்போது பழைய விமர்சனத்தைத் திருத்தாதீர்கள். கீழே தேதியிட்டு இரண்டு வரி சேருங்கள்.