வெயில் காலத்துல தொட்டிச் செடியை காப்பாத்துறது எப்படி? இலையை விடுங்க, வேரை பாருங்க

நான் செடி வளர்க்க ஆரம்பிச்ச முதல் வருஷம் வெயில்ல ஒரு ரோஜாவுக்கு ஒரு நாளைக்கு மூணு வேளை தண்ணி ஊத்தினேன். மத்தியானம் இலை தொங்கினா உடனே ஒரு மக், சாயங்காலம் வந்து இன்னொரு மக், பத்தே நாள்ல செடி காலி. புடுங்கி பாத்தா வேர் எல்லாம் பழுப்பா கொழகொழன்னு இருக்கு, மோந்து பாத்தா ஒரே நாத்தம். தண்ணி இல்லாம சாகல, நான் ஊத்தின தண்ணியிலயே அழுகி செத்துருக்கு. வெயில்ல கவனிக்க வேண்டியது வேர், ஆனா நம்ம கண்ணு போறது என்னமோ இலை மேல தான். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் பண்ற வரிசையிலயே சொல்றேன்.

1. முதல்ல தொட்டி சூட்டை குறைங்க

தரையில இருக்கற செடியோட வேர் கீழ போகப்போக மண்ணு குளுமையா இருக்கும், தொட்டில அந்த வசதி கிடையாது, நாலு பக்கமும் வெயில் அடிக்குது, கீழ சிமெண்ட் தரை வேற கொதிக்குது. அதுலயும் கருப்பு தொட்டி, கருப்பு குரோ பேக்னா (செடி வளர்க்கற பை) சூட்டை நல்லா இழுத்து வெச்சிக்கும். உள்ள மண்ணு 40 டிகிரி செல்சியஸ் தாண்டிட்டா நிறைய செடிக்கு வேர் தண்ணியே ஒழுங்கா எடுக்காது, தொட்டி ஓரத்துல ஒட்டிட்டு இருக்கற வேர் கருகிடும். அப்போ மேல எவ்வளவு ஊத்தினாலும் செடி வாடித்தான் நிக்கும்.

அதனால ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில ரெண்டு செங்கல் வைங்க, காத்து போகட்டும். தனித்தனியா நிக்கற தொட்டி எல்லாத்தையும் நெருக்கி ஒண்ணா சேருங்க, பெரிய தொட்டி மேற்கு பக்கம், சின்னது அதுக்கு பின்னாடி. மூணு மணி வெயில் தான் மோசம், அதை பெரியவங்க தாங்கட்டும். கருப்பு தொட்டிய சுத்தி வெள்ளைத் துணியோ பழைய சாக்கோ கட்டுங்க, இல்ல ஒரு சைஸ் பெரிய தொட்டிக்குள்ள இறக்கி வைங்க. மண் தொட்டின்னா அதோட சுவர் வழியா ஈரம் ஆவியாகுறதால வேர் குளுமையா இருக்கும், ஆனா சீக்கிரம் காஞ்சிரும்.

2. தண்ணி, காலையில, விரலை விட்டு பாத்துட்டு

விரலை மண்ணுக்குள்ள ரெண்டு இன்ச் விடுங்க. உள்ள ஈரம் இருந்தா ஊத்தாதீங்க, மேல எவ்வளவு காஞ்சு தெரிஞ்சாலும் சரி. காஞ்சிருந்தா கீழ ஓட்டை வழியா தண்ணி வர்ற வரைக்கும் ஊத்துங்க. தினமும் மேலாக்க தெளிச்சிட்டு போனா வேரும் மேலயே வரும், சூடு முதல்ல ஏறுறதும் அங்க தான்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண்ணு ரொம்ப காஞ்சிட்டா தண்ணிய சட்டுனு உறிஞ்சாது, ஓரமா வழிஞ்சு அஞ்சு செகண்ட்ல கீழ வந்துரும், நாமளும் நல்லா நனைஞ்சிருச்சுன்னு போயிருவோம். அப்படி ஆன தொட்டிய ஒரு வாளி தண்ணில அரை மணி நேரம் உக்கார வைங்க, குமிழி வர்றது நின்னதும் எடுத்துருங்க.

மத்தியானம் இலை தொங்குதா? பதறாதீங்க, விரல் வெச்சு பாருங்க. மண்ணு ஈரமா இருந்தா செடி வேர் இழுக்கறதை விட வேகமா தண்ணிய ஆவியா விடுதுன்னு அர்த்தம், சாயங்காலம் தானா நிமிந்துரும். காலையிலயே தொங்கி நின்னா தான் கவலைப்படணும். அப்புறம் ஹோஸ் பைப் வெயில்ல கிடந்தா உள்ள இருக்கற தண்ணி கை வைக்க முடியாத சூடா இருக்கும், அதை கொஞ்ச நேரம் வாளில பிடிச்சிட்டு அப்புறம் செடிக்கு திருப்புங்க.

தக்காளிக் காய் அடிப்பக்கம் கருப்பா அழுகுதுன்னா பூச்சின்னு மருந்து அடிக்காதீங்க. ஒரு நாள் காய விட்டு ஒரு நாள் முங்க விட்டா கால்சியம் காய் வரைக்கும் போய் சேராது, பெரும்பாலும் அதனால தான் அப்படி ஆகுது. தண்ணிய சீரா குடுங்க.

3. மூடாக்கு

மண்ணு சூடாகாம, ஈரம் சீக்கிரம் காயாம இருக்க, காஞ்ச இலை, வைக்கோல், தேங்காய் நார் எது கிடைச்சாலும் மண்ணு மேல ரெண்டு இன்ச் பரப்புங்க. தண்டை ஒட்டி மட்டும் வேணாம், ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, இல்லன்னா அங்க அழுகும். என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணு தான் செய்ய முடியும்னா இதை செய்ங்க, காசும் கிடையாது.

4. நிழல்வலை

காய்கறிக்கு 50 சதவீத வலை, அதாவது பாதி வெயிலை தடுக்கறது போதும், 75 வாங்கினா செடி வெளிச்சத்துக்கு ஏங்கி ஒல்லியா நெட்டையா போகும். செடி மேல படாம உயரமா கட்டுங்க, காத்து ஓடணும். வலை கட்டியும் தக்காளி பூ உதிருதுன்னா அது சூடு, பகல் 35 டிகிரி தாண்டி ராத்திரியும் புழுக்கமா இருந்தா மகரந்தம் வேலை செய்யாது. செடியை உயிரோட வெச்சிருந்தா போதும், சூடு குறைஞ்சதும் காய்க்கும். வெண்டை, கொத்தவரை எல்லாம் இந்த சூட்டை ரசிக்கிற ஆளுங்க, புதுசா விதைக்கணும்னா அதை போடுங்க.

5. உரமும் கத்தரிக்கோலும் ஓரமா இருக்கட்டும்

வாடின செடிக்கு உரம் போடுறது நிறைய பேர் பண்ற தப்பு. காஞ்ச மண்ணுல உரத்தோட உப்பு சேந்தா வேர் இன்னும் தான் காயும். கடுமையா வெட்டவும் வேணாம், அந்த இலைங்க தான் தண்டுக்கும் மண்ணுக்கும் குடை.

6. இலைக்கு அடியில பாருங்க

வெயிலும் வறட்சியும் சேந்தா சிலந்திப்பேன் வரும். இலை மேல பொடிப்பொடியா வெளிர் புள்ளி தெரிஞ்சா ஒரு வெள்ளை பேப்பர் மேல இலையை தட்டுங்க, பேப்பர்ல விழுந்த புள்ளி நகந்தா அது தான். முதல்ல இலைக்கு அடியில தண்ணிய பீய்ச்சி அடிங்க, ரெண்டு மூணு நாள் விடாம. போகலன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்கு ரெண்டு மூணு சொட்டு சோப்பு, சாயங்காலம் மட்டும். வெயில்ல அடிச்சா இலை கருகும்.

7. நாலு நாள் வெளியூர் போகணும்னா

தொட்டிகளை நிழலுக்கு நகத்துங்க. ஒரு வாளி தண்ணிய தொட்டிய விட கொஞ்சம் உயரத்துல வெச்சு, தடியான பருத்திக் கயிறை நனைச்சு ஒரு முனை வாளி அடி வரைக்கும், இன்னொரு முனை மண்ணுக்குள்ள மூணு இன்ச். நைலான் கயிறு வேணாம், உறிஞ்சாது. வாளிய மூடி வைங்க, இல்லன்னா திரும்பி வரும்போது கொசு தான் வரவேற்கும். கிளம்பற அன்னிக்கு கட்டாதீங்க, ரெண்டு நாள் முன்னாடியே கட்டி மண்ணு ஈரமா நிக்குதா, வாளி எவ்வளவு குறையுதுன்னு பாத்துட்டு போங்க.