பாட வராது என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு அரை நாள் பாட்டுப் பயிற்சி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட்டுக்கென்று தனி ஆசிரியர் இருப்பது அரிது. கணக்கு எடுப்பவரே பாட்டும் எடுக்கிறார். அவருக்கு 72 மேளகர்த்தா ராகமும் தெரிய வேண்டியதில்லை. குழந்தை பாடக்கூடிய சுருதியில், அதாவது அதன் குரலுக்கு ஏற்ற உயரத்தில், தொடங்கத் தெரிந்தால் போதும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பயிற்சி நடத்த உங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் பாதியை இந்தச் சுருதிக்கே கொடுங்கள்.

ஆறேழு வயதுக் குழந்தைக்கு வசதியான சுருதி 2 கட்டை. கீபோர்டில் நடு ‘சி’ 1 கட்டை, அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டைதான் 2. அதுவே ஷட்ஜம் (ச), அங்கிருந்து பஞ்சமம் (ப) வரை பாட்டு அடங்கட்டும். நடு ‘சி’க்குக் கீழே உள்ள 5 கட்டையில் பாடிப் பழகிய டீச்சருக்கு அவருடைய பஞ்சமமே குழந்தைகளின் ஷட்ஜம். தன் வசதிக்குத் தாழ்வாகத் தொடங்கினால் வகுப்பு பாடாது, பேசும். ஆண் குரல் ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’வுக்கும் அடுத்த ‘ச’வுக்கும் உள்ள தூரம்) கீழே ஒலிப்பதால் சிறியவர்கள் அதைப் பிடிக்கப் போய் உறுமுவார்கள். அந்த இடத்தில் சார் முதல் அடியைக் கீபோர்டில் வாசித்துக் காட்டலாம், அல்லது நன்றாகப் பாடும் பிள்ளையைத் தொடங்கச் சொல்லலாம்.

சுருதி சேராத பிள்ளைக்குக் காது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பேச்சுக் குரலிலேயே பாடுகிறது. குயில் மாதிரி ‘கூ’ என்று கூவச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் அதன் சுருதிக்குப் போய்ச் சேருங்கள், பிறகு அரை அரைச் சுருதியாக மேலே அழைத்து வாருங்கள். ஆசிரியர்கள் இருவர் இருவராக இதைப் பழகட்டும்.

அடுத்தது தாளம். மெதுவாகத் தட்டினால் எளிது என்பது பெரியவர்களின் நினைப்பு. சின்ன உடம்புக்கு நிமிடத்துக்கு 100 தட்டு அளவில்தான் நிலைக்கும். வேகம் அதைவிடக் குறைந்தால் பிள்ளைகள் தாளத்தை முந்தி ஓட ஆரம்பிப்பார்கள். கைதட்டு பலமானாலும் வேகம் ஏறும், அதனால் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டச் சொல்லுங்கள். நான்கு எண்ணிக்கைத் தகதிமியும், கும்மிக்கு மூன்று எண்ணிக்கைத் தகிடவும் முதலில் வரட்டும். ஆதி தாளத்தின் விரல் எண்ணிக்கை நான்காம் வகுப்புக்குக் காத்திருக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய கூடத்தில் இதைப் பழகாதீர்கள். எதிரொலியில் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தாழ்வாரமோ மரத்தடியோ நல்லது.

பாட்டைத் தேடி வெளியே அலைய வேண்டாம். பிள்ளைகளின் பாட்டிமார், அதாவது ஆயாவும் அப்பத்தாவும், பாடுகிற தாலாட்டு, கும்மியில் இரண்டிரண்டு அடியை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, செல்போனில் பதிவு செய்து வரும்படி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் பாடிய சுருதியை விட்டு 2 கட்டைக்கு மாற்றிப் பாடிப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

கடைசி ஒரு மணி நேரம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும், அதனால் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பார்ப்பவர் குறிக்க வேண்டியவை மூன்று: எந்தச் சுருதியில் தொடங்கினார், எவ்வளவு நேரம் பேசினார், எத்தனை பேர் உண்மையில் பாடினார்கள். குழுவில் நல்ல குரல் உள்ளவர் இருந்தால் பயிற்சி கச்சேரியாகிவிடும், மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவரிடம் குறிப்பெடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி முடித்த ஆசிரியர்களுக்கு ஒன்று: பள்ளிக்குத் திரும்பியதும் வாரம் ஒரு முறை வகுப்புப் பாட்டை இரண்டு நிமிடம் பதிவு செய்து, சுருதிப் பெட்டியை ஓடவிட்டுக் கேளுங்கள். இரண்டாவது அடியிலேயே சுருதி இறங்கியிருந்தால், தொடங்கும்போது நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை சுருதி நான்கு எண்ணிக்கை ஒலித்த பிறகு வாயைத் திறங்கள்.