வீட்டுப் பழமரங்கள்: முதல் மூன்று ஆண்டுகளில் நேரும் தவறுகள்

தொலைதூரச் சந்தைக்குப் போக வேண்டிய மாங்காய் முற்றுவதற்கு முன்பே பறிக்கப்படுகிறது. அதைப் பழுக்க வைக்க, தடைசெய்யப்பட்ட கார்பைடு கல்லை வைக்கும் வழக்கமும் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் இருந்தால் அந்தக் கவலை இல்லை. முற்றிய பழத்தோடு நிழலும் கிடைக்கும், அணிலும் குயிலும் வரும். ஆனால் ஆசையோடு கன்று வைத்த பலருக்கு இந்தப் பயன்கள் கிட்டாமல் போவதற்கு மண்ணோ மழையோ காரணமாக இருப்பதில்லை. கத்தரிச் செடியில் செய்த தவறு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். மரமோ நட்ட நாளில் செய்த தவறை ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத்தான் காட்டும்.

முதல் தவறு இடத்தைப் பற்றியது. மாவுக்கு 8 முதல் 10 மீட்டர், சப்போட்டாவுக்கு 8 மீட்டர், கொய்யாவுக்கு 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டியது போக எஞ்சிய இடத்தில் மாவும் பலாவும் சேர்த்து நட்டால், இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டிய நாள் வந்தே தீரும். அங்கே எலுமிச்சை, மாதுளை, சீத்தா, கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொள்ளும் கொய்யா ஆகியவையே ஏற்றவை.

கன்றின் பைக்குச் சரியாக ஒரு சிறு பள்ளம் தோண்டி நடுவது அடுத்த தவறு. மாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியே குவித்து, அதனுடன் நன்கு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். மட்காத சாணத்தைப் போட்டால் அதன் சூடு இளவேரைக் கருக்குவதோடு கறையானையும் அழைத்து வரும். நடும்போது பிளாஸ்டிக் பையைக் கிழித்து அகற்றி, பைக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைக் கையால் மெல்லப் பிரித்துவிட வேண்டும். சுற்றிய வேர் சுற்றியபடியே பருத்தால் பின்னாளில் மரத்தையே இறுக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனம் கேட்பது ஒட்டுக்கட்டிய இடம். ஒட்டுக்கன்று என்பது வேருக்கு ஒரு செடியும் காய்ப்பதற்கு வேறொரு செடியுமாக இரண்டு உயிர்கள் சேர்ந்தது. சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலை மரக் கன்றின் மேல் ஒட்டுகிறார்கள். எங்கள் கொல்லையில் வைத்த சப்போட்டாவில், ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு தளிர் கிளம்பியபோது, கன்று நன்றாகத் தழைக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதன் இலைகளின் நுனி உள்ளே குழிந்திருந்ததையும், சப்போட்டா இலையின் நுனி கூர்மையாக இருந்ததையும் கவனித்தபோது மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் பாலை ஆளுயரம் வளர்ந்து, மேலே ஒட்டியிருந்த சப்போட்டா காய்ந்து போயிருந்தது. ஆகவே ஒட்டு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரியும்படி நடுவதும், அதற்குக் கீழே துளிர்க்கும் எதையும் உடனே கிள்ளி எறிவதும் கட்டாயம். ஒட்டைச் சுற்றியுள்ள பாலிதீன் நாடாவை, ஒட்டு ஒன்றாகக் கூடிய பிறகு அவிழ்க்க மறந்தால், தண்டு பருக்கும்போது அந்த இடத்திலேயே வெட்டுப்படும்.

ஒட்டு மா முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். அந்தப் பூவைக் கிள்ள யாருக்கும் மனம் வராது. ஆயினும் கிள்ளத்தான் வேண்டும். வேரும் கிளையும் உறுதிப்படும் முன்னே காயைச் சுமந்த கன்று அதன்பின் தேறுவது கடினம்.

தண்ணீரைத் தண்டின் மேல் ஊற்றக் கூடாது. தண்டைச் சுற்றிச் சிறிது மண் அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி கட்டி, மரம் பெரிதாகப் பெரிதாக அந்தப் பாத்தியையும் விரித்துக்கொண்டே போக வேண்டும். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பல, தண்டை விட்டு விலகி, கிளைகளின் விளிம்பு வரையும் பரவியுள்ளன. பப்பாளிக்கு நீர் தேங்குவதே எமன்.

பப்பாளியில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பல இரகங்களில் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியே இருப்பதால், ஒற்றைக் கன்று வைத்தவருக்கு நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஆண் பூக்கள் மட்டுமே கிடைக்கலாம். குழிக்கு மூன்று நான்கு கன்றுகள் நட்டுப் பூத்த பின் பிரித்தறியலாம். அல்லது ஆண் மரமே வராத கோ 3, கோ 7 இரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

பூச்சியைக் கண்டதும் கடைக்கு ஓடி நஞ்சு வாங்கி அடிப்பது வருத்தம் தரும் தவறு. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி எவ்வளவு மருந்துக்கும் அடங்காமல் பரவியது. 2010-இல் தருவிக்கப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நஞ்சு அந்தக் குளவியையும் பொறிவண்டையும் சேர்த்தே கொல்லும். வீட்டு மரத்துக்கு, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் வேப்பெண்ணெய்க் கரைசலும் பெரும்பாலும் போதும். பூக்கும் காலத்தில் தேனீக்களுக்காக அதையும் நிறுத்திவைப்பது நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூட அவசரப்பட்டுப் பறித்துவிடுகிறார்கள். சப்போட்டா மரத்தில் இருக்கும்போது பிஞ்சும் முற்றிய காயும் பார்வைக்கு ஒரே நிறமாகத் தெரியும். நகத்தால் தோலை இலேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையாக இருந்து பால் கசியுமானால் விட்டுவிட வேண்டும். மேலுள்ள பழுப்புத் தூள் உதிர்ந்து, உள்ளே மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். மாங்காயைச் சிறிது காம்போடு கொய்து, பால் தோலில் படாமல் வடியவிட்டு, வைக்கோலில் பரப்பி வைத்தால் சில நாள்களில் அறை முழுவதும் மணக்கும்.