விடிகாலைக் கடற்கரையில் முகம் கருக்காமல் படம் எடுக்க

மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும். கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை நிறுத்தினால், வெளிச்சம் முழுக்க அவர் முதுகுப் பக்கம்தான். கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தால் வானம் அழகாக விழும், முகம் கரியாகிவிடும். ஃப்ரேமில் பாதிக்கு மேல் வானம் இருப்பதால், கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வானத்தை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கணக்குப் போடுகிறது. முகம் அதன் கணக்கிலேயே இல்லை.

சூரியன் எழுவதற்கு 20 நிமிடம் முன்பே தயாராக இருங்கள். எழுந்த பிறகு வானத்துக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான கேமராக்கள் தாங்காத அளவுக்குப் போய்விடும்.

முதலில் மேனுவல் மோடு (அளவுகளை நீங்களே வைப்பது), ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு). 50 மி.மீ. லென்ஸ் என்றால் லென்ஸ் திறப்பு எஃப்/2, ஷட்டர் 1/125 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600-இல் தொடங்கலாம். கடற்காற்றில் முடியும் முந்தானையும் ஆடிக்கொண்டே இருக்கும். 1/60-க்கு இறங்கினால் கலங்கிவிடும். இருவரை எடுக்கும்போது எஃப்/2.8 வையுங்கள், இல்லையென்றால் ஒருவர் கண் மட்டும்தான் கூர்மையாக வரும்.

அடுத்து ஸ்பாட் மீட்டரிங், அதாவது ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது. கன்னத்தில் வைத்து அளவெடுங்கள். பல கேமராக்களில் ஸ்பாட் நடுப்புள்ளியில் மட்டுமே வேலை செய்யும், அதனால் கன்னத்தை நடுவில் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் பிறகு ஃப்ரேமை மாற்றுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மாநிறம் என்றால் மீட்டர் அளவுகோலின் முள் 0-வில் நிற்கட்டும். கருத்த தோலுக்கு −2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதை 0-வில் வைத்தால் தோலின் ஆழமான நிறமே போய் வெளிறிவிடும், அது அந்த முகத்துக்குச் செய்யும் அநியாயம். வெளுத்த தோலுக்கு +2/3.

ஒரு படம் எடுத்து, ஹைலைட் எச்சரிக்கையைப் பாருங்கள்: அளவுக்கு மீறி வெளுத்த இடங்கள் திரையில் மின்னும். அடிவானத்தில் கொஞ்சம் மின்னினால் விட்டுவிடலாம். வானம் முழுக்க மின்னினால் எக்ஸ்போஷரை 1/3, 1/3 ஸ்டாப்பாகக் குறையுங்கள், ஆனால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வேண்டாம். ஒரு ஸ்டாப் இருட்டைக் கணினியில் தூக்கிவிடலாம். மூன்று ஸ்டாப் தூக்கினால் கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாகும். ஐஎஸ்ஓ 3200-ஐக் கண்டு பயந்து முகத்தை இருட்டில் விடாதீர்கள்.

வானமும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கேமரா பக்கத்தில், கடலைப் பார்த்தபடி பிடிக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. போதவில்லையென்றால் ஃபிளாஷ்: முதலில் வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டு, ஃபிளாஷ் அளவை −1 முதல் −1.7 வரை குறையுங்கள். முழு அளவில் அடித்தால் அடையாள அட்டைப் படம்தான் மிஞ்சும். ஃபிளாஷ் மேல் மெல்லிய ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டினால் விடியலின் நிறத்தோடு ஒன்றும்.

ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடினால், மொபைல் டார்ச்சை முகத்தில் அடித்துக் கண்ணில் ஃபோகஸ் பிடியுங்கள், லாக் செய்து டார்ச்சை அணையுங்கள். படம் புகை படிந்ததுபோல் இருந்தால் லென்ஸைப் பாருங்கள்: உப்பு ஈரம் படிந்திருக்கும். மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், லென்ஸ் முனையில் ஹூட் (மறைப்பு வளையம்) மாட்டுங்கள்.

மொபைலில் எடுப்பவர்கள் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்து, தேவையான அளவு வெளிச்சத்தை மேலே இழுத்தால் போதும்.

வெளிச்சம் வேகமாக ஏறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கன்னத்தை மறுபடி அளந்து, முதலில் ஐஎஸ்ஓ-வை இறக்குங்கள்.