பால்பண்ணை வேலையில் மேலே வர ஒரு பாக்கெட் நோட்டு

ஊட்டி, கோத்தகிரி பக்கம் மாட்டுப்பண்ணையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் கறக்க, சாணி அள்ள ஆள் கிடைத்துவிடும். மாடு பருவத்துக்கு, அதாவது சினைபிடிக்கிற நிலைக்கு, வந்ததைச் சரியாகச் சொல்கிற ஆள்தான் கிடைக்கமாட்டார். அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறி அரை நாள் நின்றாலே பெரிது, அதுவும் பெரும்பாலும் இருட்டில்தான். அதனால் காலைக் கறவைக்கு முன்பே, குளிர் எவ்வளவு அடித்தாலும், டார்ச்சோடு கொட்டகையை ஒரு சுற்று வாருங்கள். படுத்திருக்கும் மாட்டின் பின்பக்கம் பாருங்கள். தெளிவான வழும்பு அறுபடாமல் கயிறாகத் தொங்கினால் பருவம். மஞ்சளாக, சீழ் கலந்து வந்தால் மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று தாவும்போது புது ஆட்கள் தாவுகிற மாட்டைக் காட்டுவார்கள். நகராமல் நின்று கொடுக்கிறதே, அதுதான் பருவத்தில் உள்ள மாடு. காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி (காளை விந்தைச் செயற்கையாகச் செலுத்துவது), மாலையில் கண்டால் மறுநாள் காலையில்.

காது வில்லை எண், பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி, மூன்றையும் ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துவையுங்கள். 21-ஆம் நாள் அந்த மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீனி வீண்; மேட்டுப்பாளையத்திலிருந்து வைக்கோல் ஏற்றிவரும் மலையில் அது முதலாளிக்கு நன்றாகவே உறைக்கும். சம்பள உயர்வு கேட்கும்போது இந்த நோட்டையே நீட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், இங்க்கு பனி ஈரத்தில் ஊறிப்போகும்.