கப்பல் சட்டம் தேட வேண்டுமா? முதலில் அந்த ஏழு இலக்க எண்ணைப் பிடியுங்கள்

ஆங்கிலத்தில் 'மாரிடைம் லா' என்று கூகுளில் அடித்துப் பாருங்கள். அமெரிக்க வக்கீல் விளம்பரங்கள்தான் முதலில் வந்து நிற்கும், ஜோன்ஸ் ஆக்ட் என்ற அமெரிக்க மாலுமிச் சட்டப்படி நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், இப்போதே கூப்பிடுங்கள் என்று. தூத்துக்குடியில் சரக்கு நனைந்துபோன ஏற்றுமதிக்காரருக்கோ, மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலிலேயே கிடக்கும் பையனுடைய அப்பாவுக்கோ அதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, இந்தத் துறையில் சட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் கப்பலைத் தேட வேண்டும்.

கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். மாறாதது ஐ.எம்.ஓ. எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எண் ஒன்றுதான். ஏழு இலக்கம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலையே எடுத்துக்கொள்வோம், அதன் எண் 9123221. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 63, 6, 10, 12, 6, 4, மொத்தம் 101. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 1, எண்ணின் ஏழாவது இலக்கமும் 1. சரியாக இருக்கிறது. கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எண்ணை இப்படி ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால், ஓர் இலக்கம் தப்பாக வந்ததை வைத்துப் பெரும்பாலும் அரை நாள் அலைய வேண்டியதில்லை.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஈக்வாசிஸ் என்ற கப்பல் தகவல் தளத்துக்குப் போங்கள். இலவசம்தான், பதிவு மட்டும் செய்ய வேண்டும். பதிவு பெற்ற உரிமையாளர் யார், கப்பலை நடத்துகிற கம்பெனி எது, எந்த கிளாஸ் சொசைட்டி (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), எந்தக் காப்பீட்டு கிளப், எந்தத் துறைமுகத்தில் சோதனை போட்டு என்ன குறை கண்டார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஐ.எம்.ஓ. நடத்தும் ஜிசிஸ் தளத்தையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் பெயரில் இவ்வளவு குறியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பணம் கேட்டு வழக்குப் போட்டால் கப்பலை நகரவிடாமல் நீதிமன்றம் பிடித்து வைக்கலாம், அதற்குத்தான் கப்பல் கைது என்று பெயர். மூழ்கிய கப்பலைக் கைது செய்ய முடியாது, ஆனால் அதே உரிமையாளரின் வேறொரு கப்பலைப் பிடிக்கலாம். எல்சா 3 விஷயத்தில் 9,531 கோடி ரூபாய் கேட்டு கேரள அரசு உயர் நீதிமன்றம் போனதும், 2025 ஜூலையில் விழிஞ்ஞத்தில் நின்ற எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 என்ற வேறு கப்பலைக் கைது செய்ய உத்தரவு வந்ததும் இந்த வழியில்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். கப்பல் கைதுக்கான அட்மிரால்டி சட்டம் 2017இல் நிறைவேறியது, 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதுவரை நம் உயர் நீதிமன்றங்கள் 1840, 1861, 1890 என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. முழு வாசகமும் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் கிடைக்கும். நான்காம் பிரிவில் எதெல்லாம் கடல்சார் உரிமைக்கோரிக்கை என்ற பட்டியல், ஐந்தாம் பிரிவில் கைது, ஒன்பதாம் பிரிவில் மாரிடைம் லீன், அதாவது பாக்கிக்காகக் கப்பல் மீதே ஒட்டிக்கொள்ளும் உரிமை. இந்த மூன்றையும் படித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்பேன்.

இங்கேதான் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏதோ ஒரு தளத்தில் கிடைத்த பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு பிரிவை அப்படியே எடுத்து மனுவில் போட்டுவிட்டேன். சீனியர் படித்துவிட்டு எதுவும் பேசவில்லை, முதல் பக்கத்துக்குத் திருப்பி ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். 'பில்' என்று இருந்தது. நான் எடுத்தது சட்டம் அல்ல, மசோதா. நாடாளுமன்ற மசோதாக்களை அலசும் பி.ஆர்.எஸ். தளத்தில் மசோதாவும் சுருக்கமும் அருமையாக இருக்கும், ஒரு சட்டம் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மனுவில் போட வேண்டியது அதுவல்ல.

இப்போது இந்தத் தலைவலி இன்னும் கூடியிருக்கிறது. 2025இல் மட்டும் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் ரசீது), கடல்வழிச் சரக்கு, கரையோரக் கப்பல், வணிகக் கப்பல், துறைமுகம் என்று வரிசையாக ஐந்து சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1856, 1925, 1958, 1908 என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆண்டுகளெல்லாம் பழையதாகிவிட்டன. இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகளில் முக்கால்வாசி இன்னும் பழைய சட்டத்தைத்தான் பேசுகின்றன. அதனால் சரக்கு ஏற்றிய தேதியையும் பில் ஆஃப் லேடிங் தேதியையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, புதுச் சட்டத்தின் எந்தப் பிரிவு எந்த நாளில் அமலுக்கு வந்தது என்பதை மின் அரசிதழ் தளத்தில் போய்ப் பாருங்கள். ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நாளும் அமலுக்கு வந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் சுற்றறிக்கைகள் கிடைக்கும், எந்தத் தலைப்பின் கீழ் எது என்று கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தீர்ப்புகளுக்கு இண்டியன் கானூன் தளம் போதும், முக்கால் வேலை அதிலேயே முடிந்துவிடும். ஆனால் தேடத் தெரிந்து தேட வேண்டும். கைது வழக்கில் பிரதிவாதி கம்பெனி அல்ல, கப்பல், அதனால் வழக்கின் பெயரிலேயே எம்.வி. (மோட்டார் வெசல்) அல்லது எம்.டி. (மோட்டார் டேங்கர்) என்று கப்பல் பெயர்தான் வரும். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் பாதி விட்டுப்போகும். இரண்டு சொல்லும் சேர்ந்து வர வேண்டும் என்றால் ஆங்கில 'ஆண்ட்' சொல்லை இரண்டு 'டி' போட்டு எழுத வேண்டும், அது அந்தத் தளத்தின் சொந்தக் குசும்பு. எழுத்துக்கூட்டலும் படுத்தும். இந்திய கப்பல் சட்டத்தில் எல்லோரும் முதலில் படிக்கும் 1992ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எம்.வி. எலிசபெத், அதில் 'இசட்' கிடையாது, 'எஸ்'. மர்மகோவாவில் சரக்கை ஏற்றிக்கொண்டு பில் ஆஃப் லேடிங் கொடுக்காமலே கிளம்பிப் போன கப்பலை விசாகப்பட்டினத்தில் பிடித்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய பிற தீர்ப்புகளின் பட்டியலைப் புதியதிலிருந்து பழையது என்று பார்த்தாலே இன்றைய நிலவரம் தெரிந்துவிடும். பக்க எண்ணோடு மேற்கோள் வேண்டும் என்றால் உச்ச நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்.சி.ஆர். இருக்கிறது, இலவசம். இந்தச் சட்டம் எப்படி உருவானது என்று ஆராய்கிற மாணவர்கள் 1994இல் வந்த சட்ட ஆணையத்தின் 151ஆவது அறிக்கையை விட்டுவிடாதீர்கள்.

சர்வதேச உடன்படிக்கைகளில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வாசகத்தைப் படித்துவிட்டு உடனே மேற்கோள் காட்டிவிடுவார்கள், இந்தியா அதில் சேர்ந்ததா என்று பார்க்க மாட்டார்கள். ஐ.எம்.ஓ. தன் உடன்படிக்கைகளின் நிலவரத்தை நாடு வாரியாக, தேதியோடு ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறது. எல்சா 3க்கே மறுபடி வாருங்கள். அது கண்டெய்னர் கப்பல், டேங்கர் அல்ல, அதனால் கசிந்த எரிபொருளுக்கு 2001ஆம் ஆண்டு பங்கர் உடன்படிக்கை. கடலடியில் கிடக்கும் கப்பலை அகற்ற 2007ஆம் ஆண்டு நைரோபி உடன்படிக்கை. இரண்டிலும் இந்தியா இருக்கிறது. ஆனால் கண்டெய்னரில் இருந்த கால்சியம் கார்பைடு போன்ற அபாயச் சரக்குக்கென்று எழுதப்பட்ட எச்.என்.எஸ். உடன்படிக்கை கப்பல் மூழ்கிய அன்று உலகத்தில் எங்குமே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஒரே கப்பல், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விடை. இந்த உடன்படிக்கைப் புத்தகங்களை ஐ.எம்.ஓ. காசுக்கு விற்கிறது, ஆனால் பலவற்றின் வாசகம் ஐ.நா. உடன்படிக்கைத் தொகுப்பிலும் ஆஸ்ட்லீ தளத்தின் ஆஸ்திரேலிய உடன்படிக்கை வரிசையிலும் சும்மாவே கிடைக்கும்.

சார்ட்டர் பார்ட்டி, அதாவது கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் தகராறு என்றால் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டம், லண்டன் ஆர்பிட்ரேஷன் என்றுதான் எழுதியிருக்கும். அதற்கு பிரிட்டிஷ் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும் பெய்லீ தளம். அதன் தீர்ப்புகளை கூகுளில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், தளத்துக்கு உள்ளேயே போய்த் தேட வேண்டும். ஒப்பந்தப் படிவங்களுக்கு பிம்கோ என்ற கப்பல் தொழில் சங்கம், மாதிரிப் பிரதிகளை இலவசமாகக் காட்டுகிறார்கள். முன்பு சொன்ன காப்பீட்டு கிளப்புகளான பி அண்ட் ஐ கிளப்புகளின் சுற்றறிக்கைகளும் கட்டணமில்லாமல் கிடைக்கும், நடைமுறையை அவ்வளவு தெளிவாக எழுதும் ஆட்கள் வேறு யாரும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், அவர்கள் கப்பல் முதலாளிக்குக் காப்பீடு கொடுப்பவர்கள். சரக்குக்காரர் பக்கம் நீங்கள் வாதாடுகிறீர்கள் என்றால் அது எதிர்த்தரப்பு எழுதிய நோட்ஸ், அப்படியே வைத்துப் படியுங்கள். ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு மால்மோவில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் திறந்த களஞ்சியம்.

மாலுமிகளின் குடும்பங்களுக்கு இவ்வளவு தூரம் அலைச்சல் வேண்டாம். வேலைக்குப் போகும் முன்பே, ஏஜெண்டுக்கு மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்பும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் பார்த்துவிடுங்கள். போன பிறகு சம்பளம் நின்றுவிட்டதா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் நார்ம்லெக்ஸ் தளத்தில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை முழுதாக இருக்கிறது, 2015இல் இந்தியா அதில் சேர்ந்தது. அதன்படி, பேசிய சம்பளத்தை முதலாளி குறைந்தது இரண்டு மாதம் கொடுக்காமல் தொடர்பை அறுத்துக்கொண்டால் அது கைவிடப்பட்ட நிலை, காப்பீட்டிலிருந்து நான்கு மாதச் சம்பளம் வரை கேட்கலாம். காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலிலேயே ஒட்டி வைத்திருக்க வேண்டும், பையனிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட கப்பல்களுக்கென்றே ஐ.எல்.ஓ.வும் ஐ.எம்.ஓ.வும் சேர்ந்து ஒரு தரவுத்தளம் வைத்திருக்கின்றன, கப்பல் பெயர் அதில் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நம் அட்மிரால்டி சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் சம்பளத்துக்குத்தான் முதல் இடம். மற்ற லீன்களுக்கு ஆயுள் ஓராண்டு, சம்பளத்துக்கு மட்டும் இரண்டாண்டு, அதுவும் சம்பளம் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு, பையன் வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல.